கதவைத் திறக்காதே

கணவன் போன பிறகு அவள் அந்தக் கார் ஷெட்டை இடித்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஷெட்டின் ஜன்னல்களை அடைத்து, அடுக்கடுக்காகத் தட்டுகள் போட்டு, விளக்கு வெளிச்சத்திலேயே இருவரும் கீரை வளர்த்து வந்தார்கள். ஒருநாள் ஆளில்லாத நேரத்தில் உள்ளே வயர் பற்றிக்கொண்டது. முதலில் வீடு திரும்பிய கணவன் பதறிப்போய்க் கதவைத் திறந்தான். காற்றில்லாமல் உள்ளே அடங்கிக் கிடந்த நெருப்பு, திறந்த வேகத்தில் அவன்மேல் பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் அவன் பிழைக்கவில்லை.

அவள் ஷெட்டை இடிக்கவில்லை. கைவந்த தொழில் அது ஒன்றுதான். கொழுந்தன் தன் வேலையை விட்டுவிட்டு அண்ணிக்குத் துணையாக வந்து சேர்ந்தான். வயரையெல்லாம் புதிதாக இழுத்தார்கள். கூரையில் ஒரு சிவப்பு சிலிண்டரையும் மாட்டியே ஆக வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். சூடு ஏறினால் அதன் முனை தானாக உடைந்து, தீயை அமுக்குகிற வாயு அறை முழுக்கப் பரவும். புகை கிளம்பினால் இருவர் போனிலும் மணி அடிக்கும். கரண்டும் காற்றாடியும் அந்த நொடியே நின்றுவிடும்.

"ஆளே இல்லாத ரூம் அண்ணி," என்றான் கொழுந்தன். "யாரைக் காப்பாத்த இவ்வளவு ஏற்பாடு?"

"மணி அடிச்சதும் ஓடி வர்றவனை."

சிலிண்டரை மாட்ட வந்த மெக்கானிக் போகும்போது, "கதவைத் திறந்துட்டீங்கன்னா வாயு வெளிய போயிடும், காத்து உள்ள போயிடும். அப்புறம் இது இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளாக ஆகக் கொழுந்தனுக்கு அந்த அறையே உலகமாகிப் போனது. முளைக்கவே முளைக்காது என்று கடைக்காரரே கைவிட்ட சிவப்பிலைக் கீரை விதையைப் போராடி முளைக்க வைத்தான். நாற்றுகளோடு பேசிக்கொண்டு நிற்பான். "பொண்ணு பார்க்க வேண்டிய வயசுல செடியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறியே தம்பி," என்று அவள் கிண்டல் செய்வாள்.

அன்றைக்குக் காலை இருவரும் ஓட்டல்களுக்குக் கீரை இறக்கிவிட்டு வேனில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வீடு நெருங்கும் நேரத்தில் இரண்டு போன்களும் ஒன்றாக அலறின. அவள் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு, வழி சொன்னாள். கொழுந்தன் வேனை முழுசாக நிறுத்துவதற்குள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினாள். அவன் எங்கே போவான் என்று அவளுக்குத் தெரியும்.

ஷெட்டுக் கதவின் அடியில் மெல்லிய புகை கசிந்துகொண்டிருந்தது. அவனுக்கு முன்பே போய்க் கதவுக்கு முதுகு கொடுத்து நின்றாள்.

"தள்ளுங்க அண்ணி. ஒரு ஓரமாத்தான் பிடிச்சிருக்கும். நாற்றை மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்."

"வேண்டாம்."

"எல்லாம் வெந்து போயிடும் அண்ணி!"

"போகட்டும்."

அவன் அவள் தோளைப் பிடித்து நகர்த்தப் பார்த்தான். நல்ல வலுவான கை. அவள் கால் சறுக்கியது. அந்தக் கையை இறுகப் பிடித்து, புறங்கையைக் கதவுப் பலகையில் வைத்து அழுத்தினாள். சுட்டது. அவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"உங்கண்ணனும் இங்கதான் நின்னாரு," என்றாள். "உன்னையும் தூக்கிக் குடுக்க எனக்குத் தெம்பு இல்லப்பா."

அவன் அப்படியே நின்றான். பிறகு அவளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு முற்றத்தின் மறுகோடிக்குப் போனான். இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகை கூடியது, கொஞ்ச நேரத்தில் குறைந்தது.

தீயணைப்பு வண்டி வந்த பிறகும் கதவு உடனே திறக்கப்படவில்லை. ஒரு வீரர் சூடு காட்டும் கருவியைச் சுவரெல்லாம் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஆறிவிட்டது என்று உறுதியானதும், முகமூடி மாட்டியவர்கள் மெல்லத் திறந்து உள்ளே போனார்கள்.

தண்ணீர் பம்ப்புக்குப் போகிற வயர், இரும்புச் சட்டத்தில் உரசித் தோல் உரிந்திருந்தது. அதையொட்டிய அடுக்கு ஒன்று கருகி, தட்டுகள் மெழுகாக உருகி வழிந்திருந்தன. மற்ற அடுக்குகளில் கீரை அப்படியே நின்றது. ஆனாலும் எல்லாவற்றிலும் புகை படிந்துவிட்டது. ஒன்றுகூட விற்பனைக்கு ஆகாது. சிவப்பிலை நாற்றுகள் இருந்த இடத்தில் சாம்பல்தான் மிச்சம்.

"கதவைத் திறக்காம விட்டீங்களே, பெரிய விஷயம்," என்றார் வீரர்களின் தலைவர். அவள் வேன் படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கணவன் இறந்த அன்று எல்லோரும் அழச் சொல்லியும் வராத அழுகை அது.

சாயங்காலம் வரை கெட்டுப்போன கீரையைச் சாக்கில் அள்ளிப் போட்டார்கள். நாற்று இருந்த இடத்துச் சாம்பலையும் கொழுந்தனே கூட்டி அள்ளினான். பிறகு முற்றத்தில் நின்று, நாளைக்குக் கீரை வராது என்று ஒவ்வொரு ஓட்டலுக்கும் போன் செய்தான்.

"ஆமா சார், தீப்பிடிச்சுடுச்சு. இல்ல சார், யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அடுத்த ஓட்டலுக்கும் அதையே சொன்னான். அதற்கடுத்ததற்கும். அவள் சாக்கைக் கீழே வைத்துவிட்டு, அவன் சொல்வதைக் கேட்டபடி நின்றாள்.