குறை சொல்லக் கூடாத வண்டி

ராதாகிருஷ்ணனின் காரைப் பற்றி யாரும் குறை சொல்லக் கூடாது. பெண்டாட்டி சொல்லவே கூடாது. ஆனால் அவளைத் தவிர வேறு யாரும் அதில் ஏறுவதில்லை என்பதால், குறை சொல்லும் தகுதி இந்த உலகத்தில் தனலெட்சுமி ஒருத்திக்குத்தான் இருந்தது.

ரப்பர் விலை விழுந்த வருஷம், தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பல் ஏறும் அவசரத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போன வண்டி அது. சிவப்பு நிறம், நீண்ட மூக்கு, உட்கார்ந்தால் தரை ஒரு சாண் தூரத்தில் தெரியும். ராதாகிருஷ்ணனுக்கு ரயில்வே ஆபீசில் பிளான் வரையும் வேலை. அவன் அந்தக் காரை பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸ் வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று வரிசை வீடு அத்தனையும் வெளியே வந்து நின்றது. தனலெட்சுமியும் பெருமையாகத்தான் நின்றாள். ஏறி உட்கார்ந்த பிறகுதான் சங்கதி தெரிந்தது.

புடவை கட்டியவள் அதில் ஏறுவது ஒரு வித்தை, இறங்குவது இன்னொரு வித்தை. கைப்பை வைக்க இடம் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பரிசுப் பாத்திரம் போகும்போது அவள் மடியில், தாம்பூலப் பை வரும்போது அவள் மடியில். எஞ்சின் சூடு முழுக்க அவள் கால் பக்கம்தான் வரும். முன் கண்ணாடியில் மழையைத் துடைக்கும் கை ஒன்றே ஒன்று, அதுவும் ஓட்டுகிறவன் பக்கம். அவள் பக்கத்துக் கண்ணாடியில் மழை பெய்தால் அவளுக்கு உலகமே தெரியாது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முள் இல்லை. ராதாகிருஷ்ணன் ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியில் விட்டு எடுத்து, நனைந்த அளவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். அப்படியும் வழியில் தீர்ந்துபோகும். மிச்சப் பெட்ரோலைத் திறக்கும் குழாயை அந்தச் சீமைக்காரன் எங்கே வைத்தான் தெரியுமா? தனலெட்சுமியின் பாதத்துக்குக் கீழே. "தனம், கொஞ்சம் குனிஞ்சு அதைத் திருகு" என்பான் புருஷன். நடு ரோட்டில், பட்டுப் புடவையோடு, தலையைக் காலுக்கு நடுவே விட்டு அவள் அதைத் திருக வேண்டும்.

சொன்னால் பதில் தயாராக இருக்கும். "அது குறை இல்லை தனம், வெயிட்டைக் குறைக்கிறதுக்கு." "பந்தய வண்டிக்கெல்லாம் அப்படித்தான்." "பதினோரு பட்டன் போட்டாத்தான் துணிக் கூரை காத்துல பறக்காது, உனக்குத் தெரியாது." ஒரு தடவை அவள், "மழைத் தண்ணி சரியா என் முழங்கால்லயே சொட்டுற மாதிரி அளவு எடுத்து ஓட்டை போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டாள். அன்று ராத்திரி அவன் சாப்பிடாமல் படுத்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு; இவனுக்கு இந்தத் தகரம்.

ஒரே ஒரு குறையை மட்டும் அவள் வாயைத் திறந்து சொன்னதே இல்லை. வண்டியில் இரண்டே சீட்டு.

கல்யாணமாகி எட்டு வருஷம். பத்துமலைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது வருஷத்தில் அவன் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினான். அந்த வருஷமே இந்தக் கார் வந்தது. அடுத்த வீட்டு இராஜம்மா காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கு இது போதும்லா, உங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் கணக்குப் போட்டிருக்காரு" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொன்னாளோ என்னவோ. தனலெட்சுமிக்கு அது நெஞ்சில் தைத்து இரண்டு வருஷமாக அங்கேயே இருந்தது. மூன்றாவது ஆள் வரப்போவதில்லை என்று முடிவுகட்டித்தான் புருஷன் இந்த வண்டியை வாங்கினானா? கேட்கப் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அப்போதுதான் கிள்ளானிலிருந்து மருத்துவச்சி வீரம்மா வந்தாள். காப்பார் பக்கம் சீனர் காய்கறித் தோட்டம் ஒன்றில் பிள்ளை பிறந்திருக்கிறது, ஐந்தாவது பெண், வளர்க்க வழியில்லை, நல்ல இடமாக இருந்தால் கொடுத்துவிடுவார்கள் என்றாள். அந்தக் காலத்தில் அது புதினமில்லை. கோட்டர்ஸிலேயே இரண்டு வீட்டில் சீனப் பெண் பிள்ளைகள் பாவாடை கட்டி, விபூதி பூசி, சுத்தமான தமிழில் சண்டை போட்டுக்கொண்டு வளர்ந்தார்கள். "வேற ரெண்டு குடும்பமும் கேட்டிருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துருங்க" என்றாள் வீரம்மா.

தனலெட்சுமி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் எழுந்து வாசலுக்குப் போய்க் காரைப் பார்த்தான். பிறகு, "சரி, போவோம். பின் டயரை மாத்தணும்" என்றான்.

அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க சாயங்காலமானால் காருக்கு அடியில் கிடந்தான். அவன் பாதம் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பிள்ளை ஆசை ஒருத்திக்கு மட்டும் இருந்து, ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்வது? வேண்டாதவர் மடியில் அதைக் கொண்டுபோய்ப் போடவா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார்கள். பாதி வழியில் வண்டி இருமியது. "தனம், அதைத் திருகு." திருகினாள். கிள்ளான் தாண்டியதும் மழை பிடித்தது. இருவரும் இறங்கி, கூரையை இழுத்து, பதினோரு பட்டனையும் போட்டு முடித்தபோது மழை நின்றுவிட்டது. போட்ட கூரையைக் கழற்றாமலே ஏறிக் கிளம்பினார்கள்.

காரில் இடமில்லாததால் வீரம்மா முன்பே பஸ்ஸில் போய் காப்பார் முச்சந்தியில் நின்றாள். அங்கிருந்து செம்மண் பாதையில் அவள் முன்னால் நடக்க, கார் பின்னால் ஊர்ந்தது. அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடு, சுற்றிலும் கீரைப் பாத்தி, ஓரத்தில் பன்றிக் கொட்டகை. வீட்டுக்காரன் கீரை விற்கப் பாசாருக்குப் போயிருந்தான். அந்தப் பெண் வாசலில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். முப்பது வயது இருக்கும், முகத்தில் வெயில் அடித்த கறுப்பு. நாலு பெண் பிள்ளைகள் கதவுக்குப் பின்னாலிருந்து சிவப்புக் காரையே பார்த்தன.

பிள்ளைக்கு நாற்பது நாள். தலை நிறைய முடி. தனலெட்சுமி ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். கொண்டுவந்த துணியை எடுத்து விரித்தாள். ராதாகிருஷ்ணனின் பழைய வேட்டி அது. பத்துத் தரம் வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டுக் கொண்டுவந்திருந்தாள். நம் வழக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கு முதலில் புதுத் துணி போடுவதில்லை. உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆன பழந்துணிதான் ராசி.

சீனத்திக்கு அது எப்படித் தெரியும்? அவள் அந்த வேட்டியைப் பார்த்தாள், வாசலில் நின்ற பளபளக்கும் காரைப் பார்த்தாள், மறுபடி வேட்டியைப் பார்த்தாள். ஓரடி பின்னால் போய் வீரம்மாவிடம் மலாயில் படபடவென்று கேட்டாள். வீரம்மா முகம் மாறிவிட்டது.

"என்னக்கா சொல்றாங்க?" என்றாள் தனலெட்சுமி.

"இவ்வளவு பெரிய கார் வச்சிருக்கிற துரைமாருங்க, என் பிள்ளைக்குக் கந்தல் கொண்டு வந்திருக்காங்களேன்னு கேக்குது. வீட்டு வேலைக்கு வளர்க்கவான்னு கேக்குது."

தனலெட்சுமிக்கு உயிரே போய்விட்டது. தனக்குத் தெரிந்த மலாயில் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். வீரம்மா நம் வழக்கத்தை விளக்கிச் சொன்னாள். அந்தப் பெண் கேட்டாளே தவிர நம்பவில்லை. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகக் காரிடம் போனாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று சீட்டைத் தொட்டு எண்ணினாள். பின்னால் போய்ப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை.

"பூடாக் டூடோக் மானா?" என்றாள் ராதாகிருஷ்ணனைப் பார்த்து. பிள்ளை எங்கே உட்காரும்?

இரண்டு வருஷமாகத் தனலெட்சுமி நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிய கேள்வி. முன்பின் தெரியாத ஒருத்தி அரை நிமிஷத்தில் கேட்டுவிட்டாள். தனலெட்சுமி அவசரமாகத் தன் மடியைத் தட்டிக் காட்டினாள். அந்தப் பெண் அதைப் பொருட்படுத்தவில்லை. கதவைத் திறக்கத் தெரியாமல் அதன் மேலேயே காலைத் தூக்கிப் போட்டு, கூரைக்கடியில் குனிந்து உள்ளே இறங்கி, தனலெட்சுமியின் சீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து, ஓட்டு என்று கையைக் காட்டினாள்.

ராதாகிருஷ்ணன் ஓட்டினான். பாதை முனையில் இருந்த கோயில் வரை போய்த் திரும்பி வந்தார்கள். கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். தனலெட்சுமி கீரைப் பாத்தி ஓரத்தில் பழைய வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை போனது போனதுதான் என்று நினைத்தாள். நாலு பெண் பிள்ளைகளும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

வண்டி நின்றும் அந்தப் பெண் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாதி மலாய், பாதி கைஜாடை. காற்று நேரே பிள்ளை முகத்தில் அடிக்கிறது.

"பெத்துல்" என்றான் ராதாகிருஷ்ணன். உண்மைதான்.

காலடியில் நெருப்பாகச் சுடுகிறது.

"பெத்துல்."

கூரையைத் தொட்டுக் காட்டினாள். அங்கே இன்னும் ஈரம் இருந்தது. ஒரு சொட்டு அவள் கண்ணெதிரிலேயே விழுந்தது, வழக்கமான இடத்தில்.

"பெத்துல். அங்கே ஒழுகும்" என்று அவனே சேர்த்துச் சொன்னான்.

பால் புட்டி எங்கே வைப்பது? துணி எங்கே வைப்பது? இந்தப் பக்கம் கண்ணாடி துடைக்க ஏன் ஒன்றுமில்லை? பள்ளிக்கூடத்துப் பையன் வாத்தியாரிடம் நிற்பதுபோல அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். எந்தக் குறையைச் சொன்னதற்காக இந்த மனுஷன் சோறு தின்னாமல் படுத்தானோ, அதே குறையை இப்போது ஒழுகுகிற இடத்தைத் தானே சொல்லி ஒப்புக்கொள்கிறான். தனலெட்சுமிக்கு ஒரு பக்கம் அழுகை வந்தது. ஒரு பக்கம், பாவி, இதை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையே என்று கோபமும் வந்தது.

கடைசியாக அந்தப் பெண் பிள்ளையைக் காட்டி, கையைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கினாள். இவள் இவ்வளவு பெரியவள் ஆனதும்?

ராதாகிருஷ்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். அதன் மேல் இருந்த செம்மண் தூசியைக் கட்டை விரலால் துடைத்தான்.

"கெரெத்தா இனி தா பாகுஸ்" என்றான். இந்த வண்டி நல்லாயில்லை. பிறகு அவளை நேராகப் பார்த்து, "வித்துடறேன். மூணு பேர் உட்கார்ற வண்டி வாங்கறேன். பிள்ளையை மட்டும் இல்லைன்னு சொல்லிடாதீங்கம்மா" என்றான். அவசரத்தில் அதைத் தமிழிலேயே சொல்லிவிட்டான். வீரம்மா மலாயில் திருப்பிச் சொன்னாள்.

அந்தப் பெண் அவனையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இறங்கினாள். தனலெட்சுமியிடம் வந்து, அவள் கையிலிருந்த வேட்டியைத் தானே வாங்கினாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிள்ளையை அதில் சுற்றி, காது மூடும்படி இழுத்துவிட்டு, தனலெட்சுமி கையில் கொடுத்தாள்.

தனலெட்சுமி எப்படிக் காரில் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

"பெலான் பெலான்" என்றாள் அந்தப் பெண் ராதாகிருஷ்ணனிடம். மெதுவாகப் போ.

அவன் மெதுவாகத்தான் எடுத்தான். வண்டி நகர்ந்தது, அவளும் கூடவே நகர்ந்தாள். ஒரு கையை வண்டி விளிம்பில் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பார்த்தபடியே நடந்தாள். அழவில்லை. மணிக்கு அறுபது மைல் போகும் வண்டி என்று ராதாகிருஷ்ணன் ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளும் கார் அது. அதை அவன் ஒரு பெண்ணின் நடைக்கு ஓட்டினான். எஞ்சின் உறுமி உறுமி அணையப் பார்த்தது. அணையவிடாமல் பிடித்துக்கொண்டு வந்தான். அவன் முகம் முழுக்க வேர்த்திருந்தது. தனலெட்சுமி துணியைக் கொஞ்சம் விலக்கி, அவள் பக்கம் பிள்ளையின் முகம் தெரியும்படி பிடித்துக்கொண்டாள்.

முச்சந்தி வந்தது. பெரிய ரோட்டில் லோரிகள் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பெண் நின்றாள். அவனும் வண்டியை நிறுத்தினான். அவள் கை விளிம்பிலேயே இருந்தது. கை இருக்கும்போது எப்படி எடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தனலெட்சுமிக்கும் தெரியவில்லை. பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் ஒதுங்கச் சொல்லிக் கத்தினான்.

கடைசியில் அவளே கையை எடுத்தாள்.

"ஜாலான்லா" என்றாள். போங்கள் என்று.