அறுபத்து மூன்றாவது கட்டுரை

ஆறு மணிக்கு அன்ரன் எழும்பினான். ஆறு மணிக்கே அலுமாரியின் மேல் இருந்த மடிக்கணினி ஒரு கட்டுரையை வெளியே அனுப்பியது. அவனுடைய போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். தலைப்பு, அதன் கீழே ஜெசிக்காவின் பெயர். கேத்திலை அடுப்பில் வைத்தான். முகம் கழுவினான். நேற்றைய பாணில் மூன்று துண்டு வெட்டி, சம்பல் முடிந்திருந்ததால் சீனி தொட்டுச் சாப்பிட்டான். பிளேன்ரீயில் பாதியைக் குடித்தான். இஸ்திரிப் பெட்டியால் சேர்ட்டை மினுக்கினான். ஒரு துணியை எடுத்து, மூடியைத் திறக்காமல், மடிக்கணினியின் மேல் படிந்த தூசியைத் துடைத்தான். ஏழு மணி பஸ்ஸில் புத்தளத்துக்குப் போய் ஒரு தனியார் நிலையத்தில் கணினி படிப்பித்தான். ஐந்தரைக்கு மாம்புரி வீட்டுக்குத் திரும்பினான். இப்படிப் பதினான்கு மாதம்.

ஜெசிக்கா அவன் மனைவி. டெங்கு வந்து நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். இருபத்தொன்பது வயது.

இணையத்தில் ‘உப்புக்காற்று’ என்று ஒரு பத்திரிகை நடத்தினாள். ஆசிரியர், நிருபர், படம் பிடிக்கிறவர் எல்லாம் அவளே. விளம்பரம் கிடையாது, கட்சி கிடையாது. கடலோரக் களப்பில் விடப்படும் இறால் பண்ணைத் தண்ணீர், வராத பஸ், எண்ணெய் இல்லாமல் கரையில் கிடக்கும் வள்ளங்கள் என்று அறுபத்து மூன்று கட்டுரைகள். அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அவர்கள் வீட்டில் விடியற்காலையில்தான் சிக்னல் ஒழுங்காக இருக்கும் என்பதால் ஐந்தரைக்கே கட்டுரையை ஏற்றிவிடுவாள். பிறகு, யார் சொன்ன கதையோ அவர் வீட்டுக்கு ஸ்கூட்டியில் போய், முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். வெட்டச் சொன்னதை வெட்டுவாள். பெயரை எடுக்கச் சொன்னால் எடுப்பாள். எட்டு மணிக்கு முன் அந்தத் தளத்தை ஒருவரும் திறப்பதில்லை. ஆகவே வாசித்துக் காட்டி முடியும்வரை கட்டுரை அவள் கைக்குள் இருந்த மாதிரித்தான்.

அதைக் கெடுத்தது அன்ரன்.

ஒரே கம்பனியின் கையில் இல்லாமல், விரும்பியவர்கள் ஆளுக்கொரு சேர்வர் வைத்து நடத்தும் சமூக வலை ஒன்று இருக்கிறது. சேர்வருக்குச் சேர்வர் செய்தி போகும். எல்லோருக்கும் மேலே முதலாளி என்று ஒருவன் இல்லை. அதில் ‘உப்புக்காற்று’க்காகத் தானாக ஓடும் ஒரு கணக்கை அவன் எழுதிக் கொடுத்தான். பொட் என்பார்கள். கட்டுரை ஏறி ஐந்து நிமிடத்தில் பொட் அதை முழுதாகப் பிரதி எடுக்கும். அங்கிருந்து நூற்றுத் தொண்ணூறு சேர்வர்களுக்கு அது போய்ச் சேரும். புதிதாக ஒன்றும் இல்லாத நாளில் பழையதில் ஒன்றை, வரிசைப்படி, காலை ஆறு மணிக்கு அனுப்பும். இனி ஒருத்தராலும் அழிக்க ஏலாது என்று அவளிடம் பெருமையடித்தான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் வாசித்துக் காட்டிவிட்டு வரும்வரை அது பொறுக்காதா என்று கேட்டாள். மூன்று மணித்தியாலம் பொறுக்க வைப்பது இரண்டு வரி வேலை. செய்கிறேன் என்றான். கேட்ட ஒவ்வொரு முறையும் செய்கிறேன் என்றான்.

அவள் இறந்த பிறகு பொட்டுக்கு மவுசு கூடியது. ஆயிரத்து நானூறு பேர் பின்தொடர்ந்தார்கள். மெழுகுதிரிப் படம் போட்டார்கள். அவர் இன்னும் நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். இருநூறு பேர் கட்டுரையைப் பகிர்ந்த ஒரு காலையில் எத்தனை பேர் தளத்தைத் திறந்தார்கள் என்று அன்ரன் பார்த்தான். நான்கு பேர். அதில் ஒருவன் அவன். பகிர்ந்த கணக்குகளில் பாதிக்கு மேல் பொட்கள். ஒரு பொட் சொன்னதை இன்னொரு பொட் பரப்ப, மூன்றாவது பொட் அதற்கு இதயம் போட்டது. மனிதர்களைவிட அவை பரவாயில்லை. பொட் கண்ணீர் வந்தது என்று எழுதுவதில்லை.

கணக்கு இருந்த சேர்வரை நடத்தியவன் கெவின். சிலாபத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கனடாவுக்குப் போனவன். செத்தவீட்டுக் கிழமையில் போன் எடுத்து, ஜெசிக்காவின் கடைசி வார்த்தை என்ன என்று கேட்டான். கணக்கின் முகப்பில் போடவேண்டுமாம். அன்ரன் வாய் திறக்குமுன் கெவினே ஒன்றைச் சொன்னான்: ‘என் குரலை எந்த அலையாலும் அழிக்க முடியாது.’ இந்த மாதிரி ஏதாவது சொல்லியிருப்பாதானே என்றான். அன்ரன் ஓம் என்றான். அந்த வரி முகப்பில் ஏறியது. அங்கிருந்து, மாமியார் பாக்கியம்மா ஆண்டுப் பூசைக்கு அச்சடித்த அட்டைக்கும் இறங்கியது. ஜெசிக்கா அலையைப் பற்றி ஒரு வரி எழுதினதில்லை. பஸ் நேரங்களைப் பற்றி எழுதியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் கதவைப் பூட்டும்போது கேற்றடியில் ஒரு பெண் நின்றாள். ஷஃபீனா. நாற்பது வயதிருக்கும். முந்தல் பக்கம் ஓர் இறால் பண்ணையில் வேலை செய்தவள். அந்தப் பண்ணை மருந்துத் தூள் கலந்த தண்ணீரை நேரே களப்பில் திறந்துவிடுகிறது என்பதுதான் ஜெசிக்காவின் அறுபத்து மூன்றாவது கட்டுரை. சொன்னவள் ஷஃபீனா. ஜெசிக்கா அவளை, ஷஃபீனா வீட்டில் அக்காவைச் சொல்கிறபடி, ராத்தா என்று கூப்பிடுவாள். அந்தக் கட்டுரையை ஏற்றிய காலையில்தான் ஜெசிக்காவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. ஸ்கூட்டியை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எழுதவும் இல்லை.

உள்ளே வரச் சொன்னான். அவள் வரவில்லை. போனை நீட்டினாள்.

“இதுல என்ட பேர் இன்னமும் ஈக்கிது தம்பி.”

போன வருடமே அவள் ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தாள். நிலையத்துக் கணினியில் இருந்தபடி அவன் தளத்தில் அவள் பெயரை எடுத்தான். பொட்டிடம் இருந்த பிரதியை எடுக்க மடிக்கணினியைத் திறக்கவேண்டும். மறந்துபோனேன் என்று இப்போது சொன்னான். மறக்கவில்லை. அந்த மூடியைக் கடைசியாக மூடியது ஜெசிக்கா.

ஷஃபீனா கோபப்படாமல் சொன்னாள். போனமுறை கட்டுரை சுற்றி வந்தபோது யாரோ பண்ணை மனேஜரிடம் காட்டிவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அவளை மட்டுமல்ல, அங்கேயே வேலை செய்த, அவள் நானா என்று சொல்லும் அண்ணனையும். இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். இப்போது வேறொரு பண்ணையில் வேலை கிடைத்திருக்கிறது.

“நான் எண்ணிப் பாத்தன். அறுபத்து மூணு நாளைக்கி ஒருக்கா வருது. வார வெள்ளி திரும்ப வரும். சனிக்கெழம நான் புது எடத்துக்குப் போகோணும்.”

ஆயிரத்து நானூறு ரசிகர்களில் ஒருவருக்கும் அந்த அறுபத்து மூன்று நாள் கணக்குப் பிடிபட்டிருக்கவில்லை.

சேர்வரை நடத்துகிறவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான் அன்ரன். அவள் அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

“உங்கட அலுமாரிக்கு மேல ஈக்கிற மெஷின்தான் அனுப்புது எண்டு ஜெசிக்கா புள்ள சொல்லீக்கிது. யார்ட்ட கேக்கோணும்?”

பஸ் வந்தது. அவள் போய்விட்டாள்.

பின்னேரம் கெவினுக்கு எடுத்தான். இது ஒரு கொள்கைப் பிரச்சினை என்றான் கெவின். பொட்டுக்குப் பக்கச்சார்பு கிடையாது. ஆவணம் என்றால் ஆவணம். இன்றைக்கு ஒரு பெயரை எடுத்தால் நாளைக்குப் பண்ணைக்காரன் முழுக் கட்டுரையையும் எடுக்கச் சொல்வான். கேட்கிறது பண்ணைக்காரன் அல்ல என்று அன்ரன் சொன்னான். கெவினின் குரல் இளகியது.

“அந்தப் பெண்ணை நான் மதிக்கிறன் மச்சான். அவவின்ட துணிச்சலை நாங்க மறைக்கக் கூடாது.”

“அவவின்ட துணிச்சல்ல நீ ஏன்டா பெரியாளாகிறாய்?”

கெவின், இதை நான் தனியாக முடிவெடுக்க மாட்டேன், சமூகத்திடம் விடுகிறேன், வாக்கெடுப்பு வைப்போம் என்றான். நல்லது என்று அன்ரன் போனை வைத்தான்.

மெஷின் அவன் வீட்டில். கடவுச்சொல் அவன் கையில். வயரை இழுத்தால் முடிந்தது. கெவின் மறுப்பான் என்று தெரிந்துதான் கெவினிடம் கேட்டான். பொட் நின்றால் ஆறு மணிக்குப் போன் அதிராது. ஜெசிக்காவின் பெயர் திரையில் வராது. ஒரு பெண்ணின் வேலைக்கு எதிரே அவன் வைத்திருந்தது அந்த ஓர் அதிர்வைத்தான். கெவினாவது ஒரு கொள்கையை வைத்திருந்தான்.

புதன்கிழமை வாக்கெடுப்பு வந்தது. வாசகர்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகக் கெவின் முழுக் கட்டுரையையும் மேலே ஒட்டியிருந்தான். மூன்றாவது பந்தியில் ஷஃபீனாவின் பெயர் அப்படியே இருந்தது. நாற்பத்தைந்து பேர் வாக்களித்தார்கள். முப்பத்தாறு பேர் மாற்றக் கூடாது என்றார்கள். ஒருவர், தகவல் தருபவரின் சம்மதம் என்பது என்ன என்று பதினொரு பகுதிகளில் எழுதினார். ஒவ்வொரு பகுதியிலும் கட்டுரைக்கு இணைப்புக் கொடுத்தார். இன்னொருவர் ‘களப்பின் தாயே’ என்று ஷஃபீனாவின் மேல் கவிதை பாடினார். அவளைக் கேட்டுப் பார்க்கலாம் என்று நாற்பத்தைந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊடக சுதந்திரம் என்ற சொல்லைக் கண்டால் பகிரும்படி எவனோ எழுதிவிட்ட ஒரு பொட், வாக்கெடுப்பையும் கவிதையையும் பதினொரு பகுதிகளையும் ஒன்றுவிடாமல் பகிர்ந்தது.

வியாழக்கிழமை அன்ரன் அரைநாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தான். மடிக்கணினியை இறக்கி மேசையில் வைத்து, திறந்தான். விசைகளுக்கு இடையில் பிஸ்கட் தூள் இருந்தது. அதைத் துடைக்கவில்லை. அறுபத்து மூன்றாவது கட்டுரையை எடுத்து, ஷஃபீனாவுக்குப் போன் பண்ணி, வாசித்துக் காட்டப் போகிறேன் என்றான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி போனுக்கு வந்தாள்.

வாசித்தான். அவனுக்கு வாசிக்க வராது. வகுப்பில் கட்டளை சொல்கிற மாதிரி வந்தது. இரண்டாவது பந்தியில், மருந்துத் தூள் மூட்டை என்ற இடத்தில், அவள் நிறுத்தினாள்.

“மூட்டை இல்ல தம்பி, வாளி. நீல வாளி. மூட்டைல வந்தா நனைஞ்சி போகுமே.”

பதினான்கு மாதமாக நூற்றுத் தொண்ணூறு சேர்வர்களில் மூட்டை இருந்தது. கண்ணீர் விட்டவர்கள் மூட்டைக்கும் சேர்த்துத்தான் விட்டார்கள். வாளி என்று மாற்றினான். பெயரை எடுத்தான். மேலே வாசித்தான்.

“ரெண்டாம் தொட்டி எண்டும் வேணாம். அங்க நாங்க மூணு பேர்தான் வேல செஞ்ச.”

போன வருடம் தளத்தில் பெயரை எடுத்தபோது தொட்டியை விட்டிருந்தான். பெயர் இல்லாமலே அவளைக் கண்டுபிடிக்க அது போதும். ஜெசிக்கா வாசித்துக் காட்டியிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதையும் எடுத்தான். முடிவுவரை வாசித்தான்.

“மத்ததெல்லாம் நான் சொன்ன மாதிரியே புள்ள எழுதீக்கிது” என்றாள் ஷஃபீனா. பிறகு, இனி முழுக்க அழிந்துவிடுமா என்று கேட்டாள். இல்லை என்றான். அழிக்கச் சொல்லி எல்லாச் சேர்வர்களுக்கும் அறிவிப்புப் போகும், பெரும்பாலானவை கேட்கும், கேட்காததும் இருக்கும். வாக்கெடுப்பைக் கெவின்தான் அழிக்கவேண்டும்.

“அவர்ட்ட என்ட நம்பரக் குடுங்க. நான் கதைக்கிறன்.”

அன்ரன் கெவினுக்கு ஒரு வரி அனுப்பினான்: ஷஃபீனா உன்னோடு கதைக்க வேண்டுமாம், எத்தனை மணிக்கு எடுக்கச் சொல்ல? பத்து நிமிடத்தில் வாக்கெடுப்பு காணாமற் போனது. தன்னைத் தவறாக விளங்கிக்கொண்டார்கள் என்று கெவின் நீளமாக ஒரு செய்தி அனுப்பினான். அன்ரன் அதைத் திறக்கவில்லை.

பொட் அனுப்பிய அறுபத்து மூன்றாவது கட்டுரையின் பிரதிகள் எல்லாவற்றுக்கும் அழிப்பு அறிவிப்பை அனுப்பினான். நூற்று எண்பத்தேழு சேர்வர்கள் கேட்டன. இரண்டை நடத்துகிறவர்களுக்கு எழுதினான். அவர்கள் கையால் அழித்தார்கள். ஒன்று மட்டும் மிஞ்சியது. அதை நடத்தியவன் இரண்டு வருடமாக அந்தப் பக்கமே வரவில்லை. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மறைக்காமல் ஷஃபீனாவுக்கு எழுதினான். ‘சரி’ என்று மட்டும் பதில் வந்தது. அன்ரன் பொட்டை நிறுத்தினான்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் போன் அதிரவில்லை. அன்ரன் கேத்திலை வைக்காமல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தான். கெவினின் செய்தியை அப்போதுதான் திறந்தான். கடைசிப் பந்தியில் ஒரு வேண்டுகோள் இருந்தது: கணக்கை மூடுவதென்றால் இறுதியாக ஒரு பதிவாவது போடு, ஆயிரத்து நானூறு பேர் தேடுவார்கள்.

முகப்பில் இருந்த அலை வரியை அழித்தான். கீழே பதிவுப் பெட்டி காலியாக இருந்தது.

நான்காம் நாள் வார்ட்டில் அவள் கண்ணைத் திறந்து ஒன்று சொன்னாள். காய்ச்சல் கதை என்று நினைத்தான். ஓம், ஓம் என்றான். செவ்விளநீர் வாங்கக் கீழே போனான். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

அவள் சொன்னதைச் சொன்னபடியே தட்டச்சுச் செய்தான். அனுப்புமுன் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்தான், பெயர் ஏதாவது வந்திருக்கிறதா என்று. வரவில்லை. அவள் அன்றைக்கும் பெயரைச் சொல்லவில்லை.

‘ராத்தாவுக்கு இன்னும் வாசிச்சுக் காட்டல்ல.’