ஃபீல்டு ஏரியாவில் சின்னத்தாய்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு மெட்டியால்தான், மறைப்பானேன்? ஆனால் நான் முதலில் எழுதத் தொடங்கியது இப்படி: ‘இமயத்தின் பனியில் குண்டுகள் சீறிப் பாய, சிப்பாய் சங்கிலிமுத்து தன்...’

அடித்துவிட்டேன். பாவம், சங்கிலிமுத்து பட்டாளத்தில் சமையல்காரன். அறுபத்திரண்டில் சீனச் சண்டை நடந்தபோது மலையடிவாரத்து முகாமில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். ஆனாலும் அது ‘ஃபீல்டு ஏரியா’ என்று உத்தரவு.

(ஃபீல்டு என்றால் குண்டு விழுகிற இடம் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். மேலிடம் ஃபீல்டு என்று சொன்னால் ஃபீல்டு. குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது.)

2

அவன் பெண்டாட்டி சின்னத்தாய், திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் (தொழிற்சாலைக்கு அங்கே அப்படித்தான் பெயர்) வெடிமருந்து அடைக்கிறவள். மருந்து அறைக்குள் உலோகம் ஆகாது, உரசினால் தீப்பொறி. மெட்டியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு போகவேண்டும். அன்றைக்கு வேலை முடிந்து திரும்பும்போது போட மறந்துவிட்டாள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாடத்தி, சந்தைக்குப் போய்த் திரும்புகிற ஊர்க்காரி, குனிந்து பார்த்தாள். மெட்டி இல்லாத கால். புருஷன் இருப்பதோ ஃபீல்டில்.

“அடி என்னப் பெத்த தாயி!” என்று கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

தந்தி ஏதோ ஊருக்கு வந்துவிட்டது, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தாள் சின்னத்தாய். நெஞ்சில் அடித்துக்கொண்டாள். இருவரும் ஊர்வரை அழுதார்கள். இறங்கிய இடத்தில் யாரோ, “யாரு சொன்னா?” என்று கேட்டபோதுதான் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

(இங்கே சிரிக்கலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். பிறகு கை ஓடவில்லை.)

3

சங்கிலிமுத்து லீவில் வந்தான். நடந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து...

இல்லை, அவன் சிரிக்கவில்லை.

“ஏ புள்ள, நான் இருந்த எடத்துல வெடிச் சத்தமே கேக்கல. எனக்குப் போயி அம்புட்டு அழுதியா?”

“பொறவு? ஃபீல்டுல இருக்கீகன்னுதான சொன்னாக?”

“மருந்துக்குள்ள கைய விட்டுட்டு ஒக்காந்திருக்கது நீ. வேலைய விட்டுரு தாயி.”

“அடுத்தவாட்டி கூப்புட்டா நீங்க போகாம இருப்பீகளா?”

 

4

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். அவளை அவன் தன்னோடு கூட்டிப்போவது ஒன்று. அதற்கு உத்தரவு விடாது. ஆபீஸ் வெடிப்பது இன்னொன்று. அதை எழுத மனசு வரவில்லை, இந்தப் பெண்மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது.

மறுநாள் காலை அவளோடு அவனும் போனான். அவள் உள்ளே போனதும் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். பின்பக்கம் எங்கேயோ ஒரு தகர டின் விழுந்தது. எழுந்து வாசலுக்கு ஓடினான். காவல்கார அய்யாதுரை மறித்துக்கொண்டார்.

“என்னய்யா, பட்டாளத்துக்காரரு இப்பிடிப் பயப்படுறீக?”

“நான் இதுக்கு முந்தி ஃபீல்டுக்குப் போனதில்லண்ணே” என்றான் சங்கிலிமுத்து.

சாயங்கால மணி இன்னும் அடிக்கவில்லை. நான் எழுந்துகொள்கிறேன். அவன் தனியாக இருக்கிறான், கொஞ்ச நேரம் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.