முனியாண்டி முன்னால் மூன்றாவது கியூப்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. தெங்கேரா தேநீர்க் கடையில் பவானேஸ்வரி புலம்பியது. புக்கிட் ரம்பாய் சோதனைக்கூடமொன்றில் கான்கிரீட்டை நசுக்கிப் பார்ப்பது அவள் வேலை.

முதல் தொடக்கம்: ரெம்பியா சாலையில் காலைச் சூரியன்—

(வேண்டாம். சிமெண்ட் கதையில் சூரியனுக்கு என்ன வேலை.)

2.
ரெம்பியாவில் லாரி ஓடும் சாலைக்கு இரும்பாலைக் கசடு கலந்த புதுச் சிமெண்ட் போட்டார்கள். மெதுவாகத்தான் இறுகும். அதே கலவையில் வார்த்த மூன்று கனசதுரக் கட்டிகளை, அதாவது கியூப்களை, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, இருபத்தெட்டாம் நாள் நசுக்க வேண்டும். பலம் சராசரியாக நாற்பது மெகாபாஸ்கல் வராவிட்டால் சாலையை உடைக்க வேண்டியதுதான்.

அன்றைக்குத் தொட்டியில் இரண்டுதான் இருந்தன. பவானேஸ்வரி, சாலை வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் நல்லமுத்துவைப் பிடித்தாள்.

"அண்ணே, மூணாவது எங்க?"

"ரோட்டோர முனியாண்டி சாமிகிட்ட இருக்கும்மா. தேங்கா ஒடைக்க நல்ல கல்லு. இத்தனை நாள்ல ஒரு கீறல் இல்ல. நீ மெஷின்ல போட்டு என்னத்தப் பார்க்கப் போற?"

"அது சேம்பிள் லா அண்ணே. தண்ணியில ஊற வேண்டியது தேங்காத் தண்ணியில ஊறியிருக்கு."

"அப்ப இன்னும் பலம்தானே."

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன், மனிதர் ஒத்துழைக்கவில்லை. எனக்கே அவர் பேச்சு நியாயமாகப் படுகிறது.)

3.
இரண்டையும் நசுக்கினாள். நாற்பத்தொன்று, முப்பத்தாறு. சராசரி தேற, மூன்றாவது கியூப் குறைந்தது நாற்பத்து மூன்று வர வேண்டும். நல்லமுத்து அதைத் துண்டில் சுற்றி அவரே தூக்கி வந்தார். அதன் மேலிருந்த குங்குமப் பொட்டைத் துடைத்துவிட்டு மெஷினில் ஏற்றுவதா, பொட்டோடா என்று அரை மணி நேரம் வாக்குவாதம்.*

* தரவிதிப் புத்தகத்தில் பொட்டைப் பற்றி ஒன்றுமில்லை. அவள் தேடிப் பார்த்துவிட்டாள்.

4.
முடிவு அ: நாற்பத்தெட்டு. நல்லமுத்து கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். சிமெண்ட் கம்பெனி முனியாண்டிக்குக் கூரை போட்டுக் கொடுக்கிறது.

முடிவு ஆ: முப்பது. சாலையை உடைக்கிறார்கள். பவானேஸ்வரியைக் கூப்பிட்டு மேலாளர்—

(மனசு வரவில்லை.)

5.
எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் செய்தாள். கியூப் மெஷினுக்குள் இருக்கிறதாம், இன்னும் பொத்தானை அழுத்தவில்லையாம்.

"அங்கிள், நாப்பத்து மூணுன்னு எழுதிருங்க லா. கதைதானே. நீங்க எழுதிட்டா நானும் அதையே போட்டு சைன் பண்ணிருவேன். ஃபெயிலாச்சுன்னா என்னைத்தான் மாத்துவாங்க, சிமெண்ட்ட மாத்த மாட்டாங்க."

பாவமாக இருந்தது. எழுதுகிறவனுக்கு நாற்பத்து மூன்று என்ன, நானூறுகூட ஒரு வரிதான். ஆனால் அந்தச் சாலையில்தான் தமிழ்ப்பள்ளிப் பஸ் போகிறது. அதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை.

ஆகவே இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்: ______

நீங்களே நிரப்புங்கள். கையெழுத்து அவளுடையது. பஸ்ஸில் யார் பிள்ளை இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள்.