மூணு கட்டையில் லூர்துராணி

பல்லவியின் இரண்டாவது வரியிலேயே லூர்துராணி பாட்டை நிறுத்திவிட்டாள்.

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு வீட்டு மாடி அது. சுவர்களில் தேங்காய்நார்ப் பாய் அடித்து, ஜன்னலைப் பழைய மெத்தையால் அடைத்து, தேசிகன் என்ற இளைஞர் அந்த அறையை ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தார். மின்விசிறியின் சத்தம் பதிவாகிவிடும் என்று அதையும் நிறுத்திவிட்டதால் எல்லோருக்கும் சட்டை நனைந்திருந்தது. அக்கார்டியனோடு சவரிநாதன் அண்ணன், பாங்கோஸோடு சேக் மைதீன், காசெட் வெளியிடப்போகும் தர்மராஜ். மூலையில் ஒரு ஸ்டூலில் நான். நான் அவள் புருஷன். திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வெல்டர். எனக்குச் சங்கீதம் தெரியாது. அவள் தொண்டை தெரியும்.

"அண்ணே, சுருதிக் கட்டைய இறக்கிக்கலாமா?" என்றாள்.

"அஞ்சரையில ஆரம்பிச்சோம். அஞ்சுக்கு வரட்டுமா?"

"மூணுக்கு."

சவரிநாதன் அண்ணன் அக்கார்டியனிலிருந்து கையை எடுத்துவிட்டார். "மூணு கட்டையில நீ பாடி நான் கேட்டதே இல்லையேம்மா."

"வீட்ல அதுலதாண்ணே பாடுறேன்."

அவர் கேட்டிருக்க வழியில்லைதான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் அவருடைய மெல்லிசைக் குழுவில் பாடுகிறாள். கோயில் திருவிழா, மாதா திருவிழா, லால்குடிக் கல்யாணங்கள், தொழிற்சாலை ஆண்டு விழா என்று அவள் நிற்காத மேடை இந்த ஜில்லாவில் குறைவு. எந்தப் பாடகியின் சினிமாப் பாட்டாக இருந்தாலும் கண்ணை மூடிக் கேட்டால் அந்தப் பாடகியேதான். அதற்காகத்தான் கை தட்டினார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக, மெல்லிய கம்பியை இன்னும் இழுத்து நீட்டுவதுபோல அவள் தன் குரலை மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். கச்சேரி முடிந்து வந்தால் இரண்டு நாளைக்குச் சைகையில்தான் பேசுவாள்.

வீட்டில் பாடும் குரல் வேறு. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் சிறுமியாக இருந்தபோது பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் கிட்டார் கற்றுக்கொண்டவள். அரிசி உலையில் இருக்கும்போது கட்டிலில் உட்கார்ந்து கிட்டாரை மீட்டிக்கொண்டு தானே கட்டிய பாட்டுகளைப் பாடுவாள். கனமாக, அடியிலிருந்து வரும் குரல் அது. அந்தப் பாட்டுகளில் சாமியும் இல்லை, காதலனும் இல்லை. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிவதைப் பற்றி ஒன்று. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷத்தைப் பற்றி ஒன்று. என்னைப் பற்றியும் ஒன்று உண்டு:

*மூணு மணிச் சங்கும் ஊதிருச்சு*
*மூடி வச்ச சோறும் ஆறிருச்சு*
*வருவார் வருவாருன்னு பாத்திருந்தேன் – அவர்*
*வருமுன்னே வயசும் ஆயிருச்சு*

முதல் தடவை கேட்டபோது, "ஓவர்டைம் பார்த்ததுக்கா இப்படி?" என்று கேட்டேன். சிரித்தாளே தவிர வரியை மாற்றவில்லை.

அந்த எண்பத்து நான்காம் வருஷத்தில் தெருவுக்குத் தெரு காசெட் கடை வந்துவிட்டது. சின்னக்கடை வீதியில் கடை வைத்திருந்த தர்மராஜ் பக்திப் பாடல்கள் போட்டுக் கொஞ்சம் பேர் வாங்கியிருந்தார். மாதா பாட்டு பாடச் சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம், "என் பாட்டு பத்து இருக்கு தம்பி, கேக்குறீங்களா?" என்றாள் லூர்துராணி. மேடைக் குரலிலேயே அவள் பாடிக் காட்டிய மெட்டுகள் அவருக்குப் பிடித்துப்போயின. அப்படித்தான் அந்த மாடிக்கு வந்து சேர்ந்தோம்.

மூணு கட்டையில் அவள் 'மூணு மணிச் சங்கு' பாடினாள். மூச்சு திணறவில்லை, கழுத்து நரம்பு புடைக்கவில்லை. சேக் மைதீன் கடைசித் தட்டைத் தட்டிவிட்டுக் கையைத் தோலின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பேஷ் மாமி. இன்னொரு தரம் வேண்டாம், இதுவே இருக்கட்டும்" என்றார் தேசிகன்.

தர்மராஜ் மட்டும் நெற்றியைத் தடவிக்கொண்டார். "பாட்டு நல்லாருக்குக்கா. ஆனா குரல் ஆம்பளைக் குரலாட்டம் இருக்கு. ஜனங்க இனிப்பா கேட்டுப் பழகிட்டாங்க. மெட்ராஸ்ல ஒரு பொண்ணு இருக்கு, இருபது வயசு. அது பாடட்டும். பாட்டு, இசை ரெண்டுக்கும் உங்க பேரப் பெருசாப் போட்டுடறேன்."

அவள் மறுத்துவிட்டு எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"இத்தனை வருஷம் யார் யார் குரல்லயோ பாடிட்டேன். இப்ப என் பாட்ட இன்னொருத்தி பாடணுங்கிறீங்க. சரி தம்பி. இந்த ஒரு பாட்ட உங்க கடை வாசல் ஸ்பீக்கர் பெட்டியில நாளைக்குச் சாயங்காலம் போடுங்க. ஒருத்தரும் திரும்பிப் பாக்கலைன்னா, அந்தப் பொண்ணுக்கு நானே பத்துப் பாட்டும் சொல்லித் தரேன்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், "ஏன் இப்படி வாக்குக் குடுத்தே?" என்று கேட்டேன். "நானும் தெரிஞ்சுக்கணும்ங்க" என்றாள்.

மறுநாள் வேலை முடிந்து நேராகச் சின்னக்கடை வீதிக்குப் போனேன். அவள் எனக்கு முன்பே வந்து கடை ஓரமாக நின்றிருந்தாள். தர்மராஜ் ஒப்புக்கொண்டபடியே பாட்டைப் பெட்டியில் போட்டு, சத்தத்தையும் கூட்டி வைத்தார். பாட்டு தொடங்கியது. ஜவுளிப் பையோடு போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு ரிக்‌ஷா மணி அடித்தது. இரண்டு கல்லூரி மாணவர்கள் எங்கள் பக்கம் பார்த்தார்கள், பிறகு கடையில் தொங்கிய சினிமாப் படத்தைப் பார்த்தார்கள். முதல் சரணம் முடிந்தது. லூர்துராணி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெல்டிங் தீப்பொறிக்குக் கண் கூசாத எனக்கு அப்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எதிர்ப்புறம் காளியாயி என்று ஒரு பூக்காரம்மா. நாள் முழுக்க அந்தப் பெட்டி அலறுவதைக் கேட்டுக்கொண்டே தலை நிமிராமல் பூக்கட்டுகிறவர். அந்தம்மாவின் கை நின்றது. நாரை வாயில் கவ்வியபடி நிமிர்ந்தார். பாட்டு முடிகிறவரை அப்படியே இருந்துவிட்டு, தெருவைக் கடந்து வந்தார்.

"தம்பி, இது எந்தப் படத்துல வருது?"

"படம் இல்லம்மா. இவங்க பாட்டு. இவங்களே பாடுனது" என்றார் தர்மராஜ்.

காளியாயி அவளை மேலும் கீழும் பார்த்தார். நரை ஓடிய தலை, கைத்தறிச் சேலை, தோளில் பை.

"உன் குரலா இது? உன்னாட்டமே இருக்கு" என்றார். பிறகு தர்மராஜிடம், "திருப்பிப் போடு. முதல் வரிய விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

லூர்துராணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தர்மராஜ் காசெட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். இரண்டாவது தடவை நாலைந்து பேர் நின்றார்கள். நான் எண்ணவில்லை, எனக்குக் காளியாயி ஒருத்தரே போதுமாக இருந்தது.

மீதி ஒன்பது பாட்டும் அதே மாடியில், அதே மூணு கட்டையில் பதிவாயின. அட்டைப் படத்தில் நரையை மை பூசி மறைக்கட்டுமா என்று போட்டோக்காரர் கேட்டதற்கு, "என் முடிதானே, இருக்கட்டும்" என்றாள். வெளியீடு பாலக்கரையில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. சவரிநாதன் அண்ணன் மைக்கைப் பிடித்து, "இத்தன வருஷமும் நான் சொன்ன குரல்ல எல்லாம் பாடுனா. அவ குரல் எதுன்னு நான் ஒரு நாளும் கேக்கல. இப்பக் கேட்டுட்டேன், நீங்களும் கேளுங்க" என்றார். அதோடு என்னிடம் மைக்கைக் கொடுத்துவிட்டார். மேடையே ஏறாதவன் நான். "இவங்க என் சம்சாரம்" என்று மட்டும் சொன்னேன். மண்டபமே சிரித்துக் கைதட்டியது. வாழ்க்கையில் நான் பேசிய ஒரே சொற்பொழிவு அது.

காசெட் மெட்ராஸில் பெரிதாகப் போகவில்லை. திருச்சி, லால்குடி, தஞ்சாவூர் பக்கம் போயிற்று. ரேடியோக்காரர்கள் ஒரு தரம் கூப்பிட்டார்கள். சினிமாப் பாட்டுக் கச்சேரிக்குக் கூப்பிட்டால் இப்போதும் போகிறாள். சுருதியை மட்டும் அவளே சொல்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து இருவரும் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வழியாக நடந்து வந்தோம். இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. ஒரு வீட்டின் ஜன்னலுக்குள்ளிருந்து முக்கொம்புப் பாட்டு கேட்டது. அவள் நின்றாள். உள்ளே முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம். புடைக்கிற பெண்ணும் கூடவே பாடிக்கொண்டிருந்தாள். குரலை மேலே இழுக்காமல், பக்கத்தில் இருக்கிறவரோடு பேசுகிறதுபோல. ஆறு பிரிகிற இடம் வந்தபோது அந்தப் பெண்ணுக்கு வார்த்தை மறந்துவிட்டது. முனகலாகவே மெட்டைப் பிடித்துக்கொண்டு போனாள்.

என் மனைவி ஜன்னலைத் தொடாமல், ஈரமான வேப்பமரத்தடியில் நின்றபடி, உதட்டை மட்டும் அசைத்து அந்த வார்த்தைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.