முப்பது விநாடிப் பொறுமை

1.

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானும் என் தம்பி மனைவியும் ஒரே சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் அவள் அலுவலகம் போவாள். மற்ற நாட்களில் இந்த மேசைதான். நான் ஒரு பத்தியை எழுதி, அடித்து, மறுபடி எழுதிக்கொண்டிருப்பேன். அவள் நாலு வரி தட்டிவிட்டுக் காலை நீட்டித் தேநீர் குடிப்பாள்.

"அப்படி என்னதாம்மா பண்றே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டப்பா மேய்க்கிறேன் அண்ணி."

2.

முதல் தொடக்கம்: "கணினி உலகில் டப்பா என்பது யாதெனில்—" (விட்டுவிட்டேன். பாடப்புத்தக வாடை.)

இரண்டாம் தொடக்கம்: "அன்று வானம் கறுத்துக்கிடந்தது. அவள் மனமும்—" (அன்று நல்ல வெயில். முதல் வரியிலேயே பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

அவளையே பேசவிடுகிறேன்.

"ஒரு புரோகிராம் ஓடறதுக்கு என்னென்ன வேணுமோ, அத்தனையும் சேத்துக் கட்டி ஒரே டப்பாவுல போட்டுடுவோம். எந்த மெஷின்ல தூக்கி வச்சாலும் அது பாட்டுக்கு ஓடும். அப்படி நூத்துக்கணக்குல இருக்கு. எல்லாத்தையும் பாத்துக்க ஒரு மேஸ்திரி."

"ஆளா?"

"அதுவும் புரோகிராம்தான். நாங்க மரியாதையாச் சொல்றோம். மேஸ்திரிகிட்ட அதைச் செய், இதைச் செய்னு சொல்ல வேண்டாம். 'இந்த டப்பா எப்பவும் மூணு ஓடிட்டிருக்கணும்'னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும். தாளைப் பாப்பார், நிஜத்தைப் பாப்பார். ஒண்ணு குறைஞ்சா, யாரையும் திட்டாம இன்னொண்ணை எழுப்பிடுவார். ஒரு மெஷினே படுத்துட்டாக்கூட, அதுல இருந்ததையெல்லாம் பக்கத்து மெஷின்ல எழுப்பிடுவார்."

"ஒண்ணு செத்துப்போச்சுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"'உயிரோட இருக்கியா?'னு கேட்டுட்டே இருப்பார். இத்தனை தடவை கேட்டும் பதில் இல்லன்னா, அதைக் கொன்னுட்டு மறுபடி ஆரம்பிப்பார். எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் கேக்கணும், எத்தனை தடவை பொறுக்கணும், அதையும் தாள்ல நாங்கதான் எழுதணும்."

(இடைக்குறிப்பு: மேஸ்திரிக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. "வேலை வாங்கிக்கத் தயாரா?" தயாரில்லை என்றால் கொல்லமாட்டார், வேலையை மட்டும் வேறு டப்பாவுக்கு அனுப்புவார். உயிரோடு இருப்பது வேறு, தயாராக இருப்பது வேறு. எனக்கு இது புரிய நாற்பது வயதானது.)

3.

இனிக் கதை.

சிறுநீரகம் பழுதானவர்களை ரத்தச் சுத்திகரிப்புக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் வண்டிகள் உண்டு. மறுநாள் யாரை எந்த ஓட்டுநர் அழைத்து வரவேண்டும் என்ற பட்டியல் தினமும் மாலை நாலு மணிக்குப் போகும். அதைத் தயாரிக்கும் மூன்று டப்பாக்கள் அவள் அலுவலகத்தின் பொறுப்பு.

அங்கே ஒருவரைப் 'பூட்டு' என்பார்கள். மேசை இழுப்பறையில் பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பூட்டி வைக்கிறவராம். போன புதன்கிழமை இரண்டு மணிக்கு அவர் ஒரு பழைய மெஷினைப் பழுதுபார்க்க எடுத்தார். மாதாமாதம் செய்கிற வேலைதான். அதிலிருந்த மூன்று டப்பாக்களையும் மேஸ்திரி மூடிவிட்டு, வேறு மெஷினில் எழுப்பப் போனார். அவை எழவில்லை. தொடங்கும், சாகும். மறுபடி தொடங்கும், சாகும்.

எதிரே அவள் கோப்பையை வைத்தாள். கைபேசியின் ஒலிபெருக்கியில் மேலாளர்.

"யாருய்யா மெஷின்ல கை வச்சது?"

"நான்தான் சார். வழக்கமா எடுக்கறதுதான் சார்."

"போன மாசமும் உங்க கைதானே? அந்தக் கைக்கு மொதல்ல ஒரு பூட்டு போடணும்."

யாரோ சிரித்தார்கள். பூட்டோ, எதற்கும் இருக்கட்டும் என்று ஓட்டுநர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மூன்றரைக்கு இவள் காரணத்தைக் கண்டுபிடித்தாள். தாளில் இருந்த எண்தான் காரணம். பத்து விநாடிக்கு ஒருமுறை கேள். மூன்று முறை பதில் இல்லையென்றால் கொல். ஆனால் அந்த டப்பா நோயாளிகள் பதிவேடு முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் வாய் திறக்கும். முன்பு அதற்குப் பதினைந்து விநாடி ஆனது. இப்போது நோயாளிகள் பெருகிவிட்டார்கள்; ஐம்பது விநாடி வேண்டும். மேஸ்திரி முப்பதாவது விநாடியில் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு முழிக்கறதுக்குள்ள கொன்னுட்டிருந்திருக்கார் அண்ணி."

எழுந்து நிற்க இரண்டு நிமிடம் கொடுக்கும்படி எண்ணை மாற்றினாள். மூன்றும் எழுந்தன. நாலு மணிப் பட்டியல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டி இல்லாமல் யாரும் தவிக்கவில்லை. ஆனாலும் ஒன்றரை மணி நேரம் வேலை நின்றதற்கு மருத்துவமனை புகார் அனுப்பியது. பூட்டுக்கு அது இரண்டாவது புகார். அவர் வேலை ஒப்பந்த வேலை. அவரை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா? திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றார் மேலாளர்.

அன்று மாலை, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த எண்ணைப் போட்டது நான்தான் அண்ணி."

சேர்ந்த முதல் வாரத்தில், ஆர்வக்கோளாறில் மாற்றியிருக்கிறாள். முன்பு இரண்டு நிமிடமாக இருந்ததைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட்டாள். அங்கே எல்லாரும் ஒரே பொதுப் பெயரில்தான் தாளைத் திருத்துவார்கள். பழைய திருத்தங்களைப் புரட்டினால் வரிக்கு வரி 'அலுவலகம்' என்றுதான் இருக்கும். இவள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இவள் வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

பூட்டு மட்டும் எப்படியோ ஊகித்துவிட்டார் போல. அவர் அனுப்பியிருந்த செய்தியைக் காட்டினாள்: "நீங்க புதுசு. மீட்டிங்ல வாயைத் திறக்காதீங்க. எம்மேலயே போகட்டும். சாப்ட்டீங்களா?"

4.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. கூட்டத்தில் அவள் எழுந்து உண்மையைச் சொல்கிறாள். மேலாளர் கண்கலங்கி— (ஒலிபெருக்கியில் அந்தக் குரலைக் கேட்டவள் நான். அவர் கண்கலங்கமாட்டார். அடித்துவிட்டேன்.)

ஆ. அவள் வாய் திறப்பதில்லை. பூட்டு போய்விடுகிறார். மறுநாள் அவர் இழுப்பறை பூட்டாமல் கிடக்கிறது. உள்ளே ஒரு பிஸ்கட் பாக்கெட். (நல்ல காட்சி. ஒரு நல்ல காட்சிக்காக ஒருவர் வேலையைப் பறிப்பதா? அடித்துவிட்டேன்.)

இ. நானே மேலாளரிடம் பேசி— (இது கதையல்ல, நாத்தனார் வேலை.)

இவற்றை எழுதிக்கொண்டே நான் செய்த இன்னொரு காரியத்தையும் மறைக்கக்கூடாது. வியாழக்கிழமை காலை, "சொல்லிட்டியா?" என்றேன். மதியம் சாதம் போடும்போது, "சொன்னியா?" என்றேன். சாயங்காலம், "அப்ப என்னதான் முடிவு பண்ணியிருக்கே?" என்றேன். மூன்றாவது தடவை அவள் கணினியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

எதிரே காலி நாற்காலி. மூன்று முறை கேட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, நானும் தாளில் பத்து விநாடி என்று எழுதியிருக்கிறேன். ஒரு மனது தன் பதிவேட்டைப் படித்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்கென்ன தெரியும்? கடவுள் என்னிடம் ஒருநாளும் இப்படி அவசரப்பட்டதில்லை.

வெள்ளியும் சனியும் ஞாயிறும் கேட்கவில்லை. தேநீர் போட்டு அவள் பக்கம் வைத்தேன். பிரார்த்தனையில் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டேன். சனிக்கிழமை அவள் கணினியோடு மேசைக்குத் திரும்பி வந்தாள்.

5.

இன்று திங்கள். மணி பத்து பத்து. இந்த வரியை எழுதும்போது அவள் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள்.

"என்னைப் பத்தியா?"

"ஆமா. வேண்டாம்னா கிழிச்சுடறேன்."

உட்கார்ந்து முழுவதும் படித்தாள். மேலாளரின் கண் கலங்கிய இடத்தில் மட்டும் சிரித்தாள்.

"டப்பா விஷயமெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. பிஸ்கட்தான் தப்பு."

"ஏன்?"

"அது அவருக்கில்ல அண்ணி. காலைல சாப்பிடாம ஓடி வர்றவங்களுக்கு. திறந்து வச்சா, பசிக்காதவங்க தின்னு தீத்துடறாங்களாம். அதான் பூட்டு. மொத நாள் எனக்கும் குடுத்தார்." கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "முடிவு எழுதிட்டீங்களா?"

"இல்ல."

"எழுதாதீங்க."

கைபேசியை எடுத்துக்கொண்டு மாடி முகப்புக்குப் போனாள். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இங்கிருந்து அவள் முதுகுதான் தெரிகிறது. கைபேசி வலது காதோடு. இடது கை தொட்டிச் செடியில் காய்ந்த இலையைக் கிள்ளுகிறது. கூப்பிடுவது மேலாளரையா, பூட்டையா, அல்லது லீவு சொல்லப் போகிறாளா, எனக்குத் தெரியாது.

எழுந்து நாலு எட்டு வைத்தால் கதவு. திறந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிடலாம். வாய்வரை வந்துவிட்டது. அதனால்தான் இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன், கை சும்மா இருந்தால் கால் எழுந்துவிடும்.

இதற்கு மேல் உங்கள் பாடு. மூன்று முடிவுகளும் மேலே கிடக்கின்றன. நாலாவதாக ஒன்று உங்களிடமே இருக்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கம் மணி இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அவளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்துவிட்டு எழுதுங்கள்.