174-ஆம் விளக்குக்கு அறுபது சொல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பல் டாக்டரிடமிருந்து வந்தது.

மூடிப் பத்து வருடமான நிலக்கரிச் சுரங்கத்தைக் காட்சியகமாக மாற்றும் குழுவுக்கு அவர்தான் தலைவர். சுரங்கத்துக்குள் ஒருமுறைகூட இறங்கியதில்லை. இருட்டான ஓட்டை எதைக் கண்டாலும் விளக்கடித்துப் பார்க்கத் தோன்றுவது தன் தொழில் புத்தி என்று அவரே சொல்வார். ஒருநாள் என்னை அழைத்து, புதிதாக வைத்திருக்கும் சிலையின் கீழே மாட்டுகிற பலகைக்கு வாசகம் எழுதித் தரச் சொன்னார். அறுபது சொல். அதற்கு மேல் போனால் யாரும் நின்று படிக்க மாட்டார்களாம்.

"தியாகம்ங்கற வார்த்தை மட்டும் கண்டிப்பா வரணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

உட்கார்ந்து எழுதினேன்.

[முதல் வரைவு: "முப்பத்தொரு வருடங்களுக்கு முன் மேற்குப் பகுதியில் கூரை சரிந்தபோது, பூமியின் ஆழத்தில் தன் இன்னுயிரை" – இங்கே நிறுத்திவிட்டேன். இன்னுயிர் என்று எழுதியதும் எனக்கே கூச்சமாகப் போயிற்று.]

[இரண்டாம் வரைவு: "இவர் கரியை வெட்டினார், கரி இவரை" – இதற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.]

அறுபது சொல்லில் அடங்காமல் வழிந்ததுதான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது.

2

இனி லாம்ப் ரூம் அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்கிறேன். அவ்வளவு நெருங்கி நிற்க எனக்கு உரிமை உண்டா என்று அவரிடம் கேட்டேன். "நில்லுங்க, ஆனா இடிக்காம நில்லுங்க" என்றார்.

லாம்ப் ரூம் என்பது சுரங்க வாயிலில் விளக்கு கொடுக்கிற அறை. சுவர் முழுக்க ஆணிகள், ஒவ்வோர் ஆணிக்கும் ஓர் எண். வேலைக்கு இறங்குகிறவர் தன் பித்தளை வில்லையைக் கொடுத்துவிட்டு விளக்கை வாங்கிக்கொள்வார். விளக்கு இருந்த ஆணியில் வில்லை தொங்கும். ஷிப்ட் முடிந்து விளக்கு திரும்பினால் வில்லையும் திரும்பிப் போகும். எல்லாரும் மேலே வந்தபிறகும் ஓர் ஆணியில் வில்லை தொங்கினால், ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம்.

கூரை சரிந்த அன்று 174-ஆம் ஆணியில் வில்லை தொங்கியது. அது அக்காவின் கணவருடையது. அப்போது அக்காவுக்கு இருபத்தொன்பது வயது, மகளுக்கு நான்கு. பதினொரு நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. நிர்வாகம் அனுதாபத்தோடு அக்காவுக்கு வேலை கொடுத்தது. எந்த ஆணியில் கணவரின் வில்லை தொங்கியதோ அதே அறையில், அதே சுவருக்கு முன்னால். அனுதாபப்படுகிறவர்கள் இடம் பார்த்துச் செய்வதில்லை.

சுரங்கம் மூடும்வரை அங்கே இருந்தார். காட்சியகம் என்று பேச்சு வந்ததும், சுற்றிக்காட்டும் வேலைக்கு அவரையே கூப்பிட்டார்கள். சிலையையும் அவர்தான் காட்டவேண்டும். கணவரின் ஒரே புகைப்படத்தில் முகம் கலங்கலாக இருந்ததால், சிற்பி டாக்டரின் மைத்துனரை உட்காரவைத்துச் செய்து முடித்துவிட்டார். வாயை மட்டும் டாக்டர் கூடவே நின்று கவனித்துக்கொண்டார். எனவே சிலைக்குக் கரி படிந்த முகமும், முப்பத்திரண்டும் ஒரே வரிசையாக அமைந்த பற்களும் இருக்கின்றன.

"இவர்தான் என் வீட்டுக்காரர்" என்று அக்கா தினமும் நாலைந்து முறை சொல்வார்.

3

பார்வையாளர்களைப் பழைய காற்று வழியில் வெளியே கொண்டுவரலாமா என்று பார்க்க மூன்று பேர் உள்ளே போனோம். சர்வேயர் முன்னால், அக்கா நடுவில், நான் கடைசியில். டாக்டர் வாசலில் நின்று எங்களுக்குத் தைரியம் சொன்னார்.

சர்வேயரைப் பற்றி: ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்குகிறவர், வலது கையில் மூன்று விரல்தான். அந்தப் பதினொரு நாள் தேடலில் எட்டாவது நாள் ஒரு பாறை நகர்ந்து மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டது. காட்சியகத்தின் பெருமையே அந்தத் தேடல்தான். ஒரு சுவர் முழுக்க அதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள்.

காற்று வழி என்பது காற்றோட்டத்துக்காகச் சரிவாக மேலேறும் ஒரு சுரங்கப்பாதை. கடைசியில் உள்ளிருந்து மட்டும் திறக்கிற சின்ன இரும்புக் கதவு. கூரை சரிந்தது மறுபக்கம் என்பதால் அந்த வழியில் யாரும் தேடவில்லை. சரிவுக்குப் பிறகு காற்றோட்டத்தை மாற்றி, இதை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள். இப்போதுதான் அடைப்பைப் பிரித்திருந்தார்கள். சர்வேயர் வாயு மீட்டரை முன்னால் நீட்டிக்கொண்டு, அடிகளை எண்ணியபடி நடந்தார்.

"இங்க தலை குனிங்க. இந்தக் கட்டையைத் தொடாதீங்க, அது சும்மா பேருக்கு நிக்குது."

ஒரு வளைவில் அவர் நின்றார். வண்டி வரும்போது ஆள் ஒதுங்கிக்கொள்வதற்காகச் சுவரில் குடைந்த குழி. அதற்குள் ஆணியில் ஒரு விளக்கு, ஒயர் ஒழுங்காகச் சுற்றப்பட்டு. கீழே ஹெல்மெட். ஒரு ஜோடி பூட்ஸ், கயிறுகள் உள்ளே செருகப்பட்டு. பலகையின் மேல் மடித்த சீருடை. விளக்கில் எண் 174.

அக்கா வெகுநேரம் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல ஒரு துண்டைக்கூட மடிச்சு வெச்சதில்ல" என்றார்.

(அந்த இடத்தில் அவர் அழுததாக ஒரு வரைவில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நான் எங்க அழுதேன்? எனக்குக் கோபம்னா கோபமா வந்துச்சு" என்றார். நீக்கிவிட்டேன்.)

சர்வேயர் மேலே டார்ச் அடித்தார். "வெளிய போற கதவுக்கு இன்னும் நாப்பத்திரண்டு மீட்டர்." வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பொருட்களை வெளியே கொண்டுவந்தபோது டாக்டர் நெகிழ்ந்துபோனார். "கடைசி நிமிஷத்துலகூட எவ்வளவு ஒழுங்கு பாருங்க" என்றார்.

4

லாம்ப் ரூமுக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் அக்காவும் சர்வேயரும் உட்கார்ந்தார்கள். என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

"அவன் சாகலன்னு உனக்கு எப்பம்மா தெரியும்?" என்று சர்வேயர் கேட்டார்.

"மூணு மாசம் கழிச்சு. கார்டு வந்துச்சு. நல்லா இருக்கேன், புள்ளையைப் படிக்க வை. ரெண்டே வரி. பேர் போடல. எழுத்து தெரியாதா எனக்கு."

"கார்டு எங்க?"

"அடுப்புல போட்டேன்."

"அப்ப என் கையில கட்டு இருந்துச்சு."

"ஆமா சார்."

"கட்டைப் பிரிச்சு நான் திரும்ப வேலைக்கு வந்த அன்னைக்கு நீதான் விளக்கு எடுத்துக் கொடுத்தே."

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லியிருந்தா, விளக்கு எடுத்துக் கொடுக்க நான் அங்க இருந்திருக்க மாட்டேன்."

தினமும் அவர் மூன்று விரலில் வில்லையைப் பிடித்து நீட்டுவார். தினமும் அக்கா அந்தக் கையைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார். கொஞ்ச நாளில் பழகிவிடும் என்றுதான் நினைத்திருந்தார். இருபத்தொரு வருடமும் பழகவில்லை.

"ஏன் போனான்?"

"தெரியல சார். சண்டைகூட இல்ல. அன்னைக்குக் காலையில அரை டம்ளர் காபியை அப்படியே வெச்சுட்டுப் போனார். சண்டை போட்டிருந்தாலாவது காரணம்னு ஒண்ணு கையில இருந்திருக்கும்."

சர்வேயர் எழுந்து, விடைபெறாமல் போனார்.

5

இந்த இடத்தில் எனக்குக் கணவர்மேல் சந்தேகம் வந்தது. பாத்திரமாக அவர் சரியாக நிற்கவில்லை. ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்: [அவன் இரும்புக் கதவைத் தள்ளியபோது வெளியே வெயில். மூன்று வருடமாகப் பகல் வெயிலையே பார்க்காதவன்போல அவன்] இல்லை. அவர் ஏன் போனார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுத நிறைய வழி இருக்கிறது, எல்லாமே நன்றாகவும் இருக்கும். அதனாலேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை சர்வேயர் என் வீட்டுக்கு வந்தார். கையில் சுருட்டிய வரைபடம். மேசையில் விரித்தார். பதினொரு நாள் தேடலை, நாளுக்கொரு நிற மையில், தேடிய ஒவ்வொரு அடியையும் குறித்து வைத்திருந்தார். எட்டாம் நாளுக்குப் பிறகு கோடுகள் இடது கையால் போட்டவை. கொஞ்சம் நடுங்கின.

"இதைச் சுவர்ல மாட்டப் போறாங்க" என்றார். "அவன் ஓடிப்போனான்னு நீங்க எழுதினா, அப்புறம் இது என்ன படம்? ஆளில்லாத இடத்துல கல்லைப் புரட்டினவனோட படம். செத்துட்டான்னே எழுதுங்க."

"அக்கா மேல கோபம் இல்லையா?"

"இருக்கு. அது எனக்கும் அவளுக்கும். பலகைக்கு எதுக்கு அது?"

சாயங்காலம் அக்கா வந்தார்.

"நடந்ததை எழுதுங்க. ஞாயித்துக்கிழமை திறப்புக்கு என் பொண்ணு வர்றா. பஸ் ஓட்டுறா, லீவு கிடைக்கறதே கஷ்டம், கேட்டு வாங்கிட்டு வர்றா. அவளுக்கு அப்பான்னா தியாகி. பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் மேடையில நிக்க வெச்சுக் கைதட்டினாங்க. அந்தப் பல்லைக் காட்டுற பொம்மையை அவகிட்டயும் அப்பான்னு காட்ட என்னால முடியாது."

"நீங்களே அவகிட்ட சொல்லலாமே."

"நான் சொன்னா, ஏன் இத்தனை வருஷம் சொல்லலன்னு என்னைக் கேப்பா. பலகையில இருந்தா பலகையைக் கேப்பா."

ஆக, ஏமாற்றப்பட்டவர் பொய்யைக் கேட்டார். பொய்யைக் காத்தவர் உண்மையைக் கேட்டார். டாக்டர் வெள்ளிக்கிழமைக்குள் கேட்டார்.

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: பலகையில் உண்மை. மகள் படிக்கிறாள், தாயைக் கட்டிக்கொள்கிறாள். (அக்கா: "முப்பது வருஷம் பொய் சொன்னவளை எடுத்த உடனே கட்டிப்பாளா? என் பொண்ணை உங்களுக்குத் தெரியாது.")

முடிவு ஆ: பலகையில் தியாகம். எல்லாரும் கைதட்டுகிறார்கள். (சர்வேயர்: "இது போதும்." படித்துக்கொண்டே போனவர் கடைசி வரியில் நின்றார். "இல்ல, இதையும் கொடுக்காதீங்க.")

வெள்ளிக்கிழமை டாக்டரிடம், அச்சகத்தில் தாமதம் என்று சொன்னேன். என் எழுத்து வாழ்க்கையில் முழுமையாக அமைந்த வாக்கியம் அதுதான்.

6

ஞாயிற்றுக்கிழமை. சிலைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் விளக்கும் ஹெல்மெட்டும் சீருடையும் பூட்ஸும். சிலைக்குக் கீழே வெற்றுப் பலகை. கூட்டம் மேடைப் பக்கம் இருந்தது. டாக்டர் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் நேராகப் பேருந்து நிலையத்திலிருந்து வந்தாள், சீருடையைக்கூட மாற்றாமல். சிலையைப் பார்த்தாள்.

"யாரும்மா இது?"

"டாக்டரோட மச்சான்" என்றார் அக்கா.

முப்பத்தொரு வருடத்தில் அக்கா அந்த விஷயத்தில் மகளிடம் சொன்ன முதல் உண்மை அது.

மகள் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் குனிந்தாள். எண்ணைப் படித்தாள். மடித்த சட்டையைப் பார்த்தாள். கண்ணாடியில் அவள் மூச்சு படிந்து மறைந்தது.

"இதெல்லாம் எங்க கிடைச்சுது?"

பெட்டிக்கு அந்தப் பக்கம் சர்வேயர் நின்றிருந்தார், தன் வரைபடத்துக்குக் கீழே. அக்கா அவரைப் பார்த்தார். பொய்யைச் சொல்வதானால் சொல்லட்டும், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது என்று நினைத்தார்.

"காத்து வழியில" என்றார் சர்வேயர். "வெளிய போற கதவுக்கு நாப்பத்திரண்டு மீட்டர் உள்ள. ஒதுங்கற குழியில."

"பூட்ஸ் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு?"

நாற்பது வருடம் அளவெடுத்தவர் அவர். எந்தப் பொய்யை வேண்டுமானாலும் சொல்லியிருப்பார், திசையைத் தவிர.

"வெளிய பாத்து."

மகள் நிமிர்ந்தாள். சர்வேயரின் முகத்தை, பிறகு அவருடைய கையை, பிறகு சுவரிலிருந்த பதினொரு நிறக் கோடுகளைப் பார்த்தாள். கடைசியாகத் தாயிடம் திரும்பினாள்.

அக்காவின் தோளுக்குப் பின்னாலிருந்து இங்கே நான் விலகிக்கொள்கிறேன். மகள் சொன்னதைக் கேட்கிற தூரத்தில்தான் நின்றிருந்தேன். அந்த நேரம் பார்த்து மைக் வேலை செய்யத் தொடங்கியது. "தியாகம்" என்று டாக்டர் ஆரம்பித்தார். அவர் ஆரம்பிக்காமல் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். கேட்டிருந்தாலும் இங்கே எழுதியிருக்க மாட்டேன்.

பார்த்ததை மட்டும் சொல்கிறேன். சர்வேயர் டார்ச்சை எடுத்துக்கொண்டு சுரங்கத்தை நோக்கி முன்னால் போனார். மகள் அவர் பின்னால் போனாள். அக்கா அதே இடத்தில் நின்றார். வாயிலில் மகள் நின்று திரும்பினாள். கூப்பிட்டாளா, வராதே என்றாளா என்பது நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார்.

பலகை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. போகிறவர்கள் யாராவது எழுதிக் கொடுக்கலாம். அறுபது சொல்லைத் தாண்டக்கூடாது.